வானிலிருந்து வந்த பாடமும் திரும்பாத கேள்வியும்

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் இந்தியாவின் ஆறு மாநிலங்களில், ஏறத்தாழ 2,400 கிராமங்களில், ஒரு புதுமை தொடங்கியது. அதுவரை தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்ணால்கூடக் கண்டிராத மக்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் ஊர்ப் பொதுக் கட்டடத்து முற்றத்திலும் கூடி அமர்ந்து, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்ற ஒரு துணைக்கோளிலிருந்து நேராக இறங்கிவந்த படங்களைப் பார்த்தார்கள். ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் என்பன அம்மாநிலங்கள். துணைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை என்பது இம்முயற்சியின் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாக 'சைட்' என்பர். சரியாக ஓராண்டு நடந்து, 1976 ஜூலை 31-ஆம் நாள் அது முடிவுற்றது.

இச்சோதனையைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பாராட்டுரைகள். பாராட்டுக்கு உரிய முயற்சிதான், அதில் ஐயமில்லை. ஆனால் தொலைவிலிருந்து கற்பிக்கும் முறையைப் பற்றி ஓர் அரிய உண்மை அந்த ஓராண்டில் நமக்குப் புலப்பட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு புதிய கருவியின்போதும் நாம் அதை மறந்திருக்கிறோம். எனவே பாராட்டுக்கு நடுவே சிறிது குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொறியியலின் வெற்றி

முதலில் பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிடுவோம். தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. எவ்வளவு உயரமான கோபுரம் கட்டினாலும் பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இன்னொரு கோபுரம் வேண்டும். நாடு முழுவதும் இப்படிக் கோபுரங்கள் எழுப்பப் பல்லாண்டுகள் ஆகும். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் அதே நேரத்தில் பூமியை ஒரு முறை சுற்றிவரும் துணைக்கோள், தரையிலிருந்து பார்ப்பவர்க்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அதையே கோபுரமாகக் கொண்டால் ஒரு கோபுரத்தில் ஒரு நாடே அடங்கிவிடும். இந்தக் கருத்தை 1945-இல் எழுதி வெளியிட்டவர் ஆர்தர் சி. கிளார்க். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கொழும்பில் இருந்த அவருடைய வீட்டிலேயே இந்திய விண்வெளிப் பொறியாளர்கள் ஒரு வாங்கியை நிறுவிச் 'சைட்' நிகழ்ச்சிகளைக் காட்டினார்கள். தம் கருத்து தம் வீட்டு மாடியில் வந்து இறங்குவதைக் காணும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

துணைக்கோள் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துடையது, பெயர் ஏ.டி.எஸ்.-6. 1974 மே 30-ஆம் நாள் ஏவப்பட்டு, ஓராண்டு அமெரிக்காவில் பணியாற்றியபின் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்தப்பட்டது. அதற்கு முன் இருந்த செய்தித்தொடர்புத் துணைக்கோள்களின் குரல் மிகவும் மெல்லியது. அதைக் கேட்கத் தரையில் மாபெரும் கிண்ண வடிவ அலைவாங்கிகள் வேண்டியிருந்தன. ஏ.டி.எஸ்.-6 இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. வானத்தில் குடைபோல விரியும் 9 மீட்டர் அகலமுள்ள அலைவாங்கி. ஆகவே தரையில் சிறியது போதும். கிராமத்துக் கூரைமேல் வைக்கப்பட்டது 3 மீட்டர் அகலமுள்ள கிண்ணம். அதுவும் கோழிக் கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையால் ஆனது! பெட்டிகளை ஐதராபாத்தில் உள்ள இந்திய மின்னணுக் கழகம் செய்து தந்தது. மின்சாரம் எட்டாத சில ஊர்களில் மின்கலங்களைக் கொண்டே அவை இயங்கின. சாலையே சரியில்லாத ஊர்களில் இருந்தும், எந்த நாளிலும் பத்துப் பெட்டிகளில் எட்டுக்கு மேல் வேலை செய்தன என்பது பராமரிப்புப் பணியாளர்களுக்குப் பெருமை தரும் செய்தி.

விக்ரம் சாராபாய் 1960-களில் கண்ட கனவு இது. 1969-இல் நாசாவுடன் உடன்பாடு ஏற்பட்டது; 1971-இல் அவர் மறைந்தார். கனவை நடத்திக் காட்டிய அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் யஷ்பால்.

காலை ஒளிபரப்பு

நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒளிபரப்பு. மாலையில் இரண்டரை மணி பெரியவர்களுக்கு. காலையில் ஒன்றரை மணி பள்ளிக் குழந்தைகளுக்கு. அந்த ஒன்றரை மணியை இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என நான்கு மொழிகள் பங்கிட்டுக்கொண்டன. ஆகவே ஒரு குழந்தைக்குப் புரியும் மொழியில் வந்தது இருபத்திரண்டரை நிமிடமே.

அந்த நிமிடங்களை நாம் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பெட்டியின் முன் ஐந்து வயதுக் குழந்தையும் இருந்தது, பன்னிரண்டு வயதுக் குழந்தையும் இருந்தது. ஒளிபரப்பு ஆதலால் நிறுத்தவோ திருப்பிப் போடவோ முடியாது. இப்போதுபோல் பதிந்து வைத்துக்கொள்ளும் கருவியும் கிராமத்தில் கிடையாது. ஆசிரியர் முன்னதாகப் பார்த்துத் தம்மைத் தயார் செய்துகொள்ளவும் வழியில்லை. குழந்தைகளோடு சேர்ந்து அவரும் அப்போதுதான் பார்க்கிறார். நிகழ்ச்சி முடிந்தவுடன் அடுத்த மொழியில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிடுகிறது.

ஓராண்டின் முடிவில் ஆய்வாளர்கள் கண்டது என்ன? தொலைக்காட்சி பார்த்த குழந்தைகளின் மொழித்திறன் சற்று வளர்ந்திருந்தது. புதியவற்றை அறியும் ஆவலும், பல இடங்களில் தேடிக் கற்கும் நாட்டமும் கூடியிருந்தன. ஆனால் பள்ளிப் பாடங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. பள்ளியில் சேர்வோர் தொகையும் வருகையும்கூட உயர்ந்துவிடவில்லை. பெரியவர்களிடம் உடல்நலம், குடும்பநலம் பற்றிய அறிவு வளர்ந்தது. எழுத்தறியாதவர்களும் பெண்களும் மற்றவர்களைவிட மிகுதியாகப் பயன்பெற்றார்கள் என்பது மகிழ்ச்சியான முடிவு. வேளாண்மையில் புதிய முறைகளைக் கைக்கொள்வதில் மட்டும் பெரிய மாறுதல் இல்லை.

இம்முடிவுகளுக்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. மூன்று மாநிலங்களுக்கும் பொதுவாகத் தயாரித்த இந்தி, ஊர்ப்பேச்சிலிருந்து விலகியிருந்தது என்பது ஒன்று. ஓராண்டு போதாது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அடிப்படையான காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. கோழிவலைக் கிண்ணம் கேட்கும், பேசாது.

இரண்டு மெழுகுவத்திகள்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். நம் பாடநூல்களில் வழக்கமாக இடம்பெறும் சோதனை ஒன்று உண்டு. தட்டில் சிறிது நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, கண்ணாடித் தம்ளரால் மூடுகிறோம். சுடர் அணைகிறது, நீர் தம்ளருக்குள் ஏறுகிறது. 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது தீர்ந்துபோனதால் அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டது' என்று ஆசிரியர் விளக்குவார். திரையில் இது மிக அழகாக அமையும். இருபத்திரண்டு நிமிடமும் தேவையில்லை. ஐந்து நிமிடம் போதும்.

பின்வரிசையில் இருக்கும் ஒரு சிறுமி, 'இரண்டு மெழுகுவத்தி வைத்தால் என்ன ஆகும்?' என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஆக்சிஜன் அதே அளவுதான்; ஆகவே நீரும் அதே அளவுதான் ஏறவேண்டும். ஆனால் செய்து பாருங்கள், நீர் இன்னும் மேலே ஏறும்! மூன்று வைத்தால் அதைவிட மேலே. ஆசிரியர் சொன்ன விளக்கம் தவறு என்பது அப்போதுதான் வெளிப்படும். தம்ளரை மூடும்போது சுடரின் வெப்பத்தால் காற்று விரிந்து, அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்தபின் உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது; நீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம் இதுதான். எரிந்த ஆக்சிஜனுக்கு ஈடாகக் கரியமில வாயுவும் நீராவியும் தோன்றுவதால், ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அப்படியே பொருந்தாது.

வகுப்பில் ஓர் ஆசிரியர் நேரே நின்றிருந்தால் இக்கேள்வி அவரைத் திணற வைத்திருக்கும். மறுநாள் அவர் படித்துவிட்டு வந்திருப்பார். தொலைக்காட்சியில் அது நடக்காது. பாடம் மேலிருந்து இறங்கி 2,400 ஊர்களில் பரவும். சிறுமியின் கேள்வி அவள் அமர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். அவளுக்கு விடை கிடைக்கவில்லை என்பது பாதி இழப்பு. பாடத்தில் இருந்த பிழை பாடம் எழுதியவருக்குத் தெரியாமலே போயிற்று என்பது மறுபாதி. இந்த மறுபாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

'அந்நாளில் திருப்பிப் பேசும் வசதிக்கு எங்கே போவது?' என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். வாங்குவது எளிது; செலுத்துவது கடினம். ஊருக்கு ஓர் ஒலிபரப்பியும், அதற்கு மின்சாரமும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். ஆயினும் இதே ஏ.டி.எஸ்.-6 அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, அலாஸ்காவிலும் ராக்கி மலைப்பகுதிப் பள்ளிகள் சிலவற்றிலும் பார்ப்பவர்கள் திருப்பிப் பேசவும் வழி செய்யப்பட்டிருந்தது. அங்கே இடங்கள் சில, இங்கே ஆயிரக்கணக்கில். நாம் எண்ணிக்கையைத் தேர்ந்துகொண்டோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது கருவிகளைப் பற்றியதன்று. 2,400 ஊர்களுக்கும் ஒலிபரப்பி கொடுத்துவிட்டதாகவே கொள்வோம். ஊருக்கு ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஒரு நிமிடம். மொத்தம் 2,400 நிமிடம், அதாவது நாற்பது மணி நேரம்! இருபத்திரண்டரை நிமிடப் பாடத்துக்கு நாற்பது மணி நேரக் கேள்விகள். ஒரு வாயின் சொல்லை இலட்சம் காதுகளுக்குக் கொண்டுபோகும் வழியைப் பொறியியல் கண்டுவிட்டது. இலட்சம் வாய்களின் சொல்லை ஒரு காது கேட்கும் வழியைக் காண்பது பொறியியலால் மட்டும் ஆகாது. காதுகளின் தொகையைப் பெருக்க வேண்டும். அதாவது ஆசிரியர்களின் தொகையை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வானொலிப் பள்ளி

இதை மிக எளிய கருவியைக் கொண்டே செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். 'சைட்' தொடங்குவதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த கதை அது.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரும்பாலும் வறண்ட நிலம். அங்கே கால்நடைப் பண்ணைகளில் வாழும் குடும்பங்களுக்கு அடுத்த வீடு என்பது நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம். நோய் வந்தால் விமானத்தில் மருத்துவர் வரும் ஏற்பாடு 1928-இல் தொடங்கியது. மருத்துவரை எப்படி அழைப்பது? ஆல்பிரட் டிரேகர் என்ற பொறியாளர் அதற்கு ஒரு கருவி செய்தார். மிதிவண்டியில் இருப்பதுபோன்ற மிதிகட்டைகளைக் காலால் சுழற்றினால் மின்சாரம் உண்டாகும். அதைக் கொண்டு செய்தி அனுப்பலாம். பிற்காலத்தில் மிதிகட்டை போய் மின்கலம் வந்தது, பேச்சும் வந்தது. பண்ணை வீடுகளில் வானொலி என்றாலே, கேட்கவும் பேசவும் ஆன கருவி என்றுதான் பொருள்.

அடிலெய்டு மீத்கே என்ற கல்வியாளர் அப்பகுதிக்குச் சென்றபோது, அங்குள்ள குழந்தைகள் எல்லாரும் இக்கருவியில் பேசப் பழகியிருப்பதைக் கண்டார். அவர்கள் அதுவரை அஞ்சலில் வரும் பாடங்களைத் தாயின் துணையோடு படித்துவந்தார்கள். மருத்துவரை அழைக்கும் வானொலியில் ஆசிரியரையும் அழைத்தால் என்ன என்பது மீத்கேயின் எண்ணம். 1951 ஜூன் 8-ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் பறக்கும் மருத்துவர் நிலையத்திலிருந்தே 'வானொலிப் பள்ளி' முறையாகத் தொடங்கிற்று.

இதில் நம் கவனத்துக்கு உரியது ஒன்று உண்டு. முதலில் பாடங்கள் ஒருவழியாகவே சென்றன. ஆசிரியர் பேசினார், குழந்தைகள் கேட்டார்கள். மிக விரைவில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி நேரம் சேர்க்கப்பட்டது. அதன் பிறகே அது பள்ளியாயிற்று. படம் கிடையாது; கரும்பலகை கிடையாது; இடியும் மின்னலும் வந்தால் குரலும் கரகரக்கும். ஆயினும் ஆசிரியருக்கு ஒவ்வொரு குழந்தையின் குரலும் தெரியும். நாளுக்குச் சிறிது நேரமே வானொலி. மற்ற நேரம் அஞ்சலில் வந்த பாடம், அருகில் தாயோ வீட்டுப் பயிற்றுநரோ. இந்தப் பள்ளியின் எல்லை பத்து இலட்சம் சதுரக் கிலோமீட்டருக்கும் மேல். மாணவர் தொகையோ நம் ஊர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் அளவுதான். 2000-க்குப் பிறகு அங்கே சிற்றலை வானொலி போய்த் துணைக்கோள்வழி இணையம் வந்தது; குழந்தைகள் இப்போது ஆசிரியரைப் பார்க்கவும் செய்கிறார்கள். கருவி மாறியபோது கேள்வி நேரத்தை அவர்கள் விட்டுவிடவில்லை.

செல்வ நாட்டின் கதையை ஏழை நாட்டுக்குப் பொருத்தலாமா என்று தயங்கத் தேவையில்லை. 'சைட்' சோதனைக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1975 அக்டோபரிலும் 1976 கோடையிலும் அதே துணைக்கோள் வழியாக, அதே பெட்டிகளில், ஏறத்தாழ ஐம்பதாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சி தரப்பட்டது. இதுவும் ஒருவழி ஒளிபரப்பே. ஆனால் ஆசிரியர்கள் மையங்களில் கூடினார்கள். கையில் அச்சிட்ட பாடம் இருந்தது. வானொலி நிகழ்ச்சி துணை செய்தது. செய்துபார்க்க எளிய சோதனைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்ட அங்கே ஓர் ஆள் இருந்தார். இப்பயிற்சி நல்ல பயன் தந்தது என்று மதிப்பீடு கூறுகிறது. துணைக்கோள் ஒன்றே, அலைவரிசை ஒன்றே. குழந்தைகளின் வகுப்பில் இல்லாத ஏதோ ஒன்று இங்கே இருந்தது.

அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நடந்த தொலைக்காட்சி முயற்சியும் இவ்வாறே. பிஜ் என்னும் ஊரில் ஒரே ஒரு கிலோவாட்டு ஆற்றலுள்ள சிறிய ஒளிபரப்பி. ஏறத்தாழ நானூறு கிராமங்கள். அங்கே நிகழ்ச்சி தயாரித்தவர்கள் ஊர் ஊராகச் சென்று மக்களோடு பேசினார்கள். குறைகளையும் கேள்விகளையும் கேட்டு, அவற்றையே அடுத்த நிகழ்ச்சிக்குப் பொருளாக்கினார்கள். ஊர்மக்களே நடிக்கவும் செய்தார்கள். திரும்பிவரும் வழி அங்கே மின்னலையாக இல்லை; மனிதரின் கால்நடையாக இருந்தது. 1984-இல் யுனெஸ்கோவின் பரிசு அம்முயற்சிக்குக் கிடைத்தது.

அஞ்சலில் ஒரு கேள்வி

சொந்தக் கதை ஒன்று சொல்ல வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிப் பட்டம் படித்தேன். புள்ளியியல் பாடத்தில், சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி வகுக்கும்போது, எண்ணிக்கையால் வகுக்காமல் அதில் ஒன்று குறைத்து வகுப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விடைத்தாளின் ஓரத்தில் அதைக் கேள்வியாக எழுதி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து விடைத்தாள் திரும்பி வந்தது. மதிப்பெண் போட்டிருந்தது, 'நன்று' என்றும் எழுதியிருந்தது. என் கேள்வியின்மேல் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. தேர்வு அதற்குள் முடிந்துவிட்டது. விடையைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறோர் இடத்தில் தெரிந்துகொண்டேன். சராசரியையும் அதே எண்களிலிருந்து கணக்கிட்டு எடுத்துக்கொண்டதால், தனித்து மாறக்கூடிய எண் ஒன்று குறைந்துவிடுகிறது; ஒன்று குறைக்காமல் வகுத்தால் பரவலைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். எழுத இரண்டு வரிதான்.

அஞ்சலின்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அஞ்சல் இருவழிக் கருவி, அதில் குறையில்லை. 1971-இல் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை நன்கு அறிந்திருந்தது. பி.பி.சி. தொலைக்காட்சியில் அதன் பாடங்கள் வந்ததால் உலகம் அதைத் 'தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம்' என்றே எண்ணியது. உண்மையில் அங்கே தொலைக்காட்சி சிறுபங்கே; பெரும்பங்கு அச்சிட்ட பாடமும், விடைத்தாளைப் படித்துக் கருத்து எழுதி அனுப்பும் பயிற்றாசிரியருமே. 2006 டிசம்பரில் அப்பல்கலைக்கழகத்தின் பாட ஒளிபரப்பு நின்றது. பல்கலைக்கழகம் நிற்கவில்லை, பயிற்றாசிரியர்களும் போய்விடவில்லை.

திரும்பிப் பேசும் கருவிகள்

பின்னர் நம் நாட்டிலும் இருவழிக் கருவி வந்தது. 1996-இல் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் விண்வெளி ஆய்வு நிறுவனம் ஒரு திட்டம் தொடங்கியது. 150 கிராமங்களில் வாங்கிகள்; பன்னிரண்டு வட்டாரத் தலைமையிடங்களில் மட்டும் திருப்பிப் பேசும் கருவிகள். கிராமத்தான் கேட்டான், வட்டாரம் பேசியது. தொடக்கமாக இது குறையன்று.

2004 செப்டம்பர் 20-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏவப்பட்டது. கல்விக்கென்றே இந்தியா செய்த முதல் துணைக்கோள் அது. மாநிலங்களுக்குத் தனித்தனி அலைக்கற்றைகள். ஆகவே 'சைட்' காலத்து மொழித் தொல்லை இல்லை. இருவழிப் பேச்சும் படமும் இயலும். குரல் மேலே சென்று கீழே வரக் கால் நொடி, விடை வர இன்னொரு கால் நொடி, அவ்வளவுதான் தாமதம். முப்பது ஆண்டுகளுக்கு முன் இல்லை என்று சொன்னது இப்போது கைக்கு வந்துவிட்டது.

அதை எப்படிப் பயன்படுத்தினோம்? அதன்கீழ் இணைக்கப்பட்ட பள்ளி, கல்லூரி வகுப்பறைகள் ஏறத்தாழ 56,000. அவற்றுள் திருப்பிப் பேசும் கருவி பெற்றவை ஐயாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. எஞ்சிய ஐம்பத்தோராயிரமும் கேட்பதற்கு மட்டுமே. பதினொன்றில் ஒன்று பேசலாம். பத்து வாய் மூடியிருக்க வேண்டும். கோழிவலைக் கிண்ணத்துக்குத் தொழில்நுட்பம் காரணமாக இருந்தது. இதற்குக் காரணம் தொழில்நுட்பம் அன்று. எத்தனை வகுப்பறைகளை எட்டினோம் என்று அறிக்கையில் எழுதினால் எண் பெரிதாக இருக்கும். எத்தனை கேள்விகளுக்கு விடை சொன்னோம் என்று எழுதினால் சிறிதாகிவிடும். செலவழிப்பவர்கள் பெரிய எண்ணையே விரும்புகிறார்கள். 2010-இல் அந்தத் துணைக்கோள் ஓய்வு பெற்றது.

என் தீர்ப்பு சற்றுக் கடுமையாக இருக்கலாம். ஒன்றுமே எட்டாத ஊருக்கு ஒருவழிப் பாடமும் பெரும்பேறு அல்லவா என்று கேட்பவர்களை நான் மறுக்கமாட்டேன். 'சைட்' குழந்தைகளிடம் வளர்ந்த அந்த ஆவல் பொய்யன்று. ஆனால் ஆவலை எழுப்பிவிட்டு, அது கேள்வியாகி நிற்கும்போது எதிரே யாரும் இல்லாமல் விடுவதைக் கல்வி என்று பெயரிட்டு எண்ணிக்கையில் சேர்ப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

தமிழ்நாட்டிலும் அண்மையில் இது நேர்ந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று, பள்ளிகள் மூடப்பட்டன. தொலைபேசி இல்லாத வீட்டிலும் பெரும்பாலும் தொலைக்காட்சி இருந்ததால், பாடங்கள் அதன் வழியே சென்றன. படங்கள் தெளிவு, தமிழ் தெளிவு. 'சைட்' காலத்தைவிட ஒளிபரப்பு நேரமும் பன்மடங்கு. ஆயினும் நீண்ட மாதங்கள் கழிந்தபின் பிள்ளைகள் எழுத்தையும் கணக்கையும் மறந்திருப்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் கண்டார்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் தெருவிலேயே, மாலை வேளையில் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர் ஒருவர் பாடம் சொல்லித் தந்தார். ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒருவர். மாநிலம் முழுவதும் இப்படிப் பெருந்தொகையினர். பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள்.

கோயில் திண்ணையிலோ, யாருடைய வீட்டு வாசலிலோ பாய் விரித்து நடந்த வகுப்புகள் அவை. கருவி என்று சொல்ல ஒரு கரும்பலகை, சில அட்டைகள், ஒரு மின்விளக்கு. 'அக்கா, இது எனக்குப் புரியலை' என்று ஒரு பிள்ளை சொன்னால் அக்கா நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள்.